இடம் மாற்றிய விஎம்மும் அறுந்துபோன தரவுத்தள இணைப்பும்

வேளச்சேரியில் ஒரு கட்டடத்தின் தரைத்தள அறையில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த சர்வரை அம்பத்தூரில் உள்ள ஒரு தரவு மையத்துக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவை ஒட்டிக் காகித மொத்த வியாபாரம் செய்யும் நிறுவனம் அது. பில் போடுவது, கிடங்கின் இருப்பு, வரவேண்டிய பாக்கி என அனைத்தும் ஒரே இணையச் செயலியில் நடக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் தண்ணீர் வடிய நாட்கள் பிடித்ததைப் பார்த்த எவரும் ஒரு வியாபாரத்தின் கணக்கு முழுவதையும் அங்கே தரையோடு தரையாக வைத்திருக்க விரும்பமாட்டார்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாற்றிவிட வேண்டும் என்பது முதலாளியின் முடிவு. சரியான முடிவு என்றே நானும் கருதினேன்.

பழைய இடத்தில் விஎம்வேர் என்ற மென்பொருளின் மீது இரண்டு விஎம்கள், அதாவது ஒரே கணினிக்குள் தனித்தனிக் கணினிகள்போல இயங்கும் மெய்நிகர் கணினிகள், ஓடின. ஒன்றில் பிஹெச்பி மொழியில் லாராவெல் என்ற சட்டகம் கொண்டு எழுதப்பட்ட செயலி, மற்றொன்றில் மைஎஸ்கியூஎல் 8.0 தரவுத்தளம், இரண்டிலும் உபுண்டு லினக்ஸ். புதிய இடத்தில் விஎம்வேருக்குப் பதில் பிராக்ஸ்மாக்ஸ். செயலியின் பிணைய முகவரி (ஐபி) 192.168.1.10 என்பதிலிருந்து 10.10.5.10 ஆகவும், தரவுத்தளத்தின் முகவரி 192.168.1.20 என்பதிலிருந்து 10.10.5.20 ஆகவும் மாறின. மாற்றக் காலத்துக்காக இரண்டு இடங்களுக்கும் இடையே இணையத்தின் வழியே தனிப்பாதை தரும் ஒரு விபிஎன் இணைப்பும் போட்டிருந்தோம். சனிக்கிழமை கடை மூடிய பிறகு இரண்டு விஎம்களையும் முறையாக நிறுத்தி, வட்டுக் கோப்புகளை நகலெடுத்து, புதிய இடத்துக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றினோம். அந்தப் பகுதி சிக்கலின்றி முடிந்ததால் அதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை.

ஒரு முன்னெச்சரிக்கையை மட்டும் குறிப்பிட வேண்டும். எண்ணிக்கைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பழைய தரவுத்தளத்தை மீண்டும் இயக்கி வைத்தோம். அதற்கு முன்பு அதன் கட்டமைப்புக் கோப்பில், தரவைப் படிக்க மட்டும் விட்டு எழுதவிடாமல் பூட்டும் 'சூப்பர் ரீட் ஒன்லி' என்ற அமைப்பை எழுதினோம். ஓடிக்கொண்டிருக்கும்போது 'செட் குளோபல்' கட்டளையால் மட்டும் அதைப் போட்டால், சர்வர் ஒருமுறை நின்று எழுந்தவுடன் அது மறைந்துவிடும். கோப்பில் எழுதினால், நிர்வாகக் கணக்கில் நுழைபவர்கூட அமைப்பை நீக்காமல் தரவை மாற்ற முடியாது. இது எவ்வளவு பெரிய உதவியாக அமைந்தது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

புதிய இடத்தில் இரண்டும் எழுந்தன. செயலியின் நுழைவுப் பக்கம் வந்தது. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தவுடன் 500 பிழை, அதாவது சர்வருக்குள் ஏதோ கோளாறு. என்னுடன் பணியாற்றும் இளைஞர், "அண்ணா, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு தப்பா இருக்குமோ? மாத்திப் பாக்கட்டுமா?" என்று கேட்டார். இணைப்பு அறுந்தவுடன் பெரும்பாலானவர்களின் கை முதலில் போகும் இடம் அதுதான். ஆனால் கடவுச்சொல் சரியா தவறா என்று சோதிக்கும் கட்டத்தைச் செயலி எட்டியிருந்ததா என்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது, செயலி தன் பிழைகளை எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு. எனவே எதையும் மாற்றுவதற்கு முன் அதைத் திறந்தோம்.

அதில் 2002 என்ற எண் இருந்தது. பிஹெச்பி வழியாக மைஎஸ்கியூஎல்லைப் பயன்படுத்துவோர் இந்த எண்ணை நம்பிப் போனால் வழி தவறும். தரவுத்தள சர்வரைச் சென்றடையவே முடியாத எல்லா நிலைகளுக்கும் பிஹெச்பி இதே 2002-ஐத்தான் தருகிறது. எண்ணை மட்டும் தேடினால், சாக்கெட் கோப்பு காணவில்லை என்பது போன்ற, நமக்குத் தொடர்பில்லாத விடைகள் குவியும். எண்ணுக்குப் பின்னால் வரும் சொற்களே நோயின் இடத்தைக் காட்டுகின்றன. எங்கள் பதிவில் அந்தச் சொற்கள் 'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்றிருந்தன.

அதைப் பின்தொடர்வதற்கு முன், செயலி உண்மையில் எந்த முகவரியைத் தேடுகிறது என்று உறுதிசெய்துகொண்டோம். லாராவெல்லில் கட்டமைப்பைத் தற்காலிகச் சேமிப்பில் வைத்துவிட்டால், அதன் பிறகு, தரவுத்தள முகவரி, கடவுச்சொல் போன்றவற்றை எழுதும் 'டாட் என்வ்' கோப்பில் என்ன மாற்றினாலும் செயலி அதைப் படிக்காது. சேமித்துவைத்த பழைய மதிப்புகளையே எடுத்துக்கொள்ளும். செயலியை இயக்கியவுடன் புதிய முகவரியை எழுதி அந்தச் சேமிப்பைப் புதுப்பித்திருந்தோம். சேமிப்புக் கோப்பையே திறந்து பார்த்து, இணையப் பக்கம் தேடுவது 10.10.5.20 தான் என்பதை நிச்சயப்படுத்திக்கொண்டோம்.

ஒரே பிணையத்தில் இருக்கும் இரண்டு கணினிகளில் ஒன்று மற்றொன்றைத் தேடும்போது, 'இந்த ஐபி யாருடையது' என்று ஏஆர்பி என்ற நெறிமுறை மூலம் கேட்கிறது. எவரும் விடை சொல்லாவிட்டால், சில விநாடிகளில் 'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்ற முடிவு வருகிறது. ஆகவே, பெரும்பாலும் தரவுத்தள விஎம்மிடம் அந்த முகவரியே இல்லை. பிராக்ஸ்மாக்ஸின் கன்சோல் வழியாக உள்ளே சென்று பார்த்தபோது அது தெளிவாயிற்று. விஎம்வேரில் 'ஈஎன்எஸ்160' என்ற பெயரில் இருந்த பிணைய அட்டை, புதிய இடத்தில் 'ஈஎன்எஸ்18' என்ற பெயரில் எழுந்திருந்தது. உபுண்டுவின் பிணைய அமைப்புகளை வைத்திருக்கும் நெட்பிளான் கோப்பில் முகவரியைப் புதிதாக எழுதியிருந்தாலும், அது பழைய அட்டையின் பெயருக்குக் கீழே எழுதப்பட்டிருந்தது. மெய்நிகர் வன்பொருள் மாறும்போது அட்டையின் பெயரும் அதன் அடையாள எண்ணான மேக் முகவரியும் மாறுவது இயல்பு. நெட்பிளானில் மேக் முகவரியை வைத்துப் பொருத்தியிருந்தாலும் இதே விளைவுதான். பெயரைத் திருத்தியவுடன் பிங் கட்டளைக்கு விடை வந்தது.

செயலி அப்போதும் இயங்கவில்லை. ஆனால் பதிவில் சொற்கள் மாறியிருந்தன: இப்போது 'கனெக்ஷன் டைம்டு அவுட்'. இளைஞரின் முகம் வாடிவிட்டது; எனக்கோ நம்பிக்கை கூடியது. இந்த வேலையில் நான் உறுதியாகப் பற்றியிருக்கும் ஒரே கருத்து இது: ஒரு திருத்தத்துக்குப் பிறகு பிழைச்செய்தி மாறினால், ஒரு தடை நீங்கி அடுத்த தடையின் முன் நிற்கிறோம் என்று பொருள். பிழை அப்படியே இருந்தால் மட்டுமே நாம் செய்தது வீண். அதனால்தான் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, அதன் பின் வந்த செய்தியைச் சொல்லுக்குச் சொல் எழுதி வைக்கச் சொன்னேன். ஐந்து மாற்றங்களை ஒன்றாகச் செய்பவருக்கு, செயலி ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. ஓடாவிட்டால் எதைத் திரும்ப வைப்பது என்றும் தெரியாது.

'டைம்டு அவுட்' என்பதற்கும் 'ரெஃப்யூஸ்டு' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் புதிதாக வருபவர்களுக்கு நான் இப்படி விளக்குவது வழக்கம்: அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நின்று அழைக்கும்போது எவருமே குரல் கொடுக்காமல் இருப்பது முதலாவது, வாட்ச்மேன் வந்து 'அந்த வீட்டில் ஆள் இல்லை' என்று சொல்லி அனுப்புவது இரண்டாவது. முதலாவதில் நம் அழைப்பை வழியில் ஏதோ ஒன்று விழுங்குகிறது. பெரும்பாலும் அது, அனுமதியில்லாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால். இரண்டாவதில் நாம் கணினியைச் சென்றடைந்துவிட்டோம்; அந்தப் போர்ட்டில் (ஒரு சேவைக்கு உரிய எண்ணிட்ட வாசலில்) கேட்பதற்கு எந்த நிரலும் இல்லை. (ஃபயர்வாலை, விழுங்காமல் மறுப்புச் சொல்லும்படியும் அமைக்கலாம் என்பதால் இது முழு விதியன்று, ஆயினும் முதல் ஊகத்துக்கு இது போதும்.) விழுங்கப்படும் நிலையில் காத்திருப்பு மிக நீளும். லினக்ஸின் இயல்பமைப்பு, முதல் முயற்சிக்குப் பிறகு பல முறை மறுபடியும் முயன்று, இடைவெளியை நீட்டிக்கொண்டே போய், இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேலான பின்னரே கைவிடுகிறது. செயலியில் இணைப்புக்கான காலவரம்பு குறைவாக வைக்கப்பட்டிருந்தால் அதற்கு முன்பே பிழை வரும்.

விழுங்குவது யார் என்பதை ஊகிக்கத் தேவையில்லை, பார்க்கலாம். தரவுத்தள விஎம்மில், வந்துபோகும் தரவுப் பொதிகளைக் காட்டும் டிசிபிடம்ப் கட்டளையை மைஎஸ்கியூஎல்லின் 3306 போர்ட்டின் மீது ஓடவிட்டு, செயலியின் பக்கத்திலிருந்து இணைக்க முயன்றோம். இணைப்புக் கோரிக்கைகள் வந்து சேர்வது ஒவ்வொன்றாகத் தெரிந்தது; பதில் எதுவும் போகவில்லை. உள்ளே வரும் பொதிகளை டிசிபிடம்ப் ஃபயர்வாலுக்கு முன்பே பார்த்துவிடும் என்பதால் இதன் பொருள் தெளிவு: வழியில் உள்ள பிணையம் நன்றாக இருக்கிறது, விழுங்குவது அந்த விஎம்மின் சொந்த ஃபயர்வால். அந்த ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூவின் விதிகளில் 3306 போர்ட்டுக்குப் பழைய முகவரிகள் மட்டுமே அனுமதிக்கப்பட்டிருந்தன; செயலிக்கு இருந்தது 192.168.1.10 தான். தரவு மையத்தாரைத் தொலைபேசியில் அழைத்துக் குறை கூறுவதற்கு முன் இந்தச் சோதனையை ஒருமுறை செய்துவிட வேண்டும். புதிய முகவரிக்கு விதி எழுதினோம். ஃபயர்வாலை முழுவதுமாக நிறுத்திப் பார்க்கும் பழக்கத்தை நான் அனுமதிப்பதில்லை, ஏனென்றால் நிறுத்தியதை மீண்டும் இயக்க அந்த நள்ளிரவில் எவருக்கும் நினைவிருப்பதில்லை.

அடுத்து எதிர்பார்த்தபடியே 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' வந்தது. திறந்திருக்கும் போர்ட்டுகளைக் காட்டும் 'எஸ்எஸ்' கட்டளையில் 3306 போர்ட்டில் எதுவும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மைஎஸ்கியூஎல் சேவையே எழவில்லை. அதன் பிழைப் பதிவில், கேட்ட முகவரியை ஒதுக்க முடியவில்லை என்ற பொருளில் வரி இருந்தது. எந்த முகவரியில் இணைப்புகளைக் கேட்க வேண்டும் என்று சொல்லும் 'பைண்டு அட்ரஸ்' என்ற இடத்தில் 192.168.1.20 என்று யாரோ ஒரு காலத்தில் எழுதியிருந்தார்கள். அந்த முகவரி இப்போது இந்தக் கணினியிடம் இல்லாததால் சேவை தொடங்க மறுத்தது. இதைத் திருத்தினால் சேவையை மறுதொடக்கம் செய்தே ஆக வேண்டும். எல்லா முகவரிகளிலும் கேட்கும்படி 0.0.0.0 என்று எழுதுவது எளிய வழி, ஆனால் பொது இணைய முகவரியும் உள்ள கணினியில் அது ஆபத்து. மைஎஸ்கியூஎல் 8.0.13 முதல் ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகளைக் காற்புள்ளியிட்டு எழுதலாம். உள்ளே பயன்படும் 127.0.0.1-ஐயும் புதிய முகவரியையும் அவ்வாறு எழுதினோம். குறிப்பிட்ட முகவரியைக் கட்டும்போது, கணினி எழும் நேரத்தில் பிணையம் தயாராகும் முன்பே தரவுத்தளம் தொடங்கிவிடக் கூடாது என்பதையும் கவனிக்க வேண்டும். சேவைகளைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டியில் பிணையம் முழுமையாக இயங்கிய பின்னரே சேவை தொடங்கும்படி வரிசையைக் குறித்து, விஎம்மை ஒருமுறை அணைத்து எழுப்பிப் பார்த்தோம்.

இப்போது வந்தது 1130. எண்ணே மாறிவிட்டது, அதாவது முதன்முறையாகத் தரவுத்தளமே நம்மிடம் பேசுகிறது. 10.10.5.10 என்ற கணினிக்கு இணைய அனுமதி இல்லை என்றது. மைஎஸ்கியூஎல்லில் ஒரு கணக்கு என்பது பயனர் பெயர் மட்டுமன்று. பெயரும் அவர் வரும் இடமும் சேர்ந்ததே கணக்கு. எங்கள் செயலியின் கணக்கு பழைய 192.168.1.10 என்ற முகவரியோடு உருவாக்கப்பட்டிருந்தது. இந்த இடத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. எந்த இடத்திலிருந்தும் வரலாம் என்ற அனுமதியோடு வேறு ஏதாவது கணக்கு, உதாரணமாகக் கண்காணிப்புக்கான கணக்கு, அந்தத் தரவுத்தளத்தில் இருந்திருந்தால், இதே காரணத்துக்கு 1130 வராமல் 1045 வந்திருக்கும். 'அக்சஸ் டினைடு' என்று சொல்லும் 1045-ஐப் பார்ப்பவர் கடவுச்சொல்லைத்தான் சந்தேகிப்பார். அதை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இருக்காது. அந்தச் செய்தியில் பயனர் பெயருக்குப் பின் தெரியும் முகவரியைப் படித்து, அந்த இணை கணக்குப் பட்டியலில் உள்ளதா என்று பார்ப்பதே முதல் வேலை.

பழைய கணக்கின் முகவரியை மட்டும் மாற்றிப் பெயரிட்டுவிடலாம் என்று தோன்றும். நான் அதைச் செய்வதில்லை. தரவுத்தளத்துக்குள்ளேயே சேமித்துவைத்த வினவல்களான வியூக்களும் சேமித்த செயல்முறைகளும் தங்களை உருவாக்கிய கணக்கை 'டிஃபைனர்' என்று தமக்குள் எழுதி வைத்திருக்கின்றன. கணக்கின் பெயர் மாறினாலும் அவற்றுக்குள் எழுதியிருப்பது மாறாது. பின்னர் ஒருநாள் யாராவது மாத அறிக்கையைத் திறக்கும்போது, டிஃபைனர் இல்லை என்று 1449 பிழை வரும். ஆகவே பழைய கணக்கைத் தொடாமல், அதன் உரிமைகளைக் காட்டும் கட்டளையின் வெளியீட்டைப் பார்த்து, அதே உரிமைகளோடு புதிய முகவரிக்கு ஒரு கணக்கை உருவாக்கினோம். செயலி உள்ளே நுழைந்தது.

நுழைந்தாலும் ஒவ்வொரு பக்கமும் திறக்கச் சில விநாடிகள் எடுத்தது. ஓடும் இணைப்புகளைப் பட்டியலிட்டபோது, 'அன்ஆதென்டிகேட்டட் யூசர்' என்ற பெயரில் வரிகள் நின்றுகொண்டிருந்தன. இணைக்க வரும் முகவரிக்கு உரிய பெயரை மைஎஸ்கியூஎல் டிஎன்எஸ் மூலம் தேடுகிறது. எங்கள் விஎம்மிலோ பெயர் தேடும் சர்வராக வேளச்சேரியின் பழைய ரூட்டரே எழுதப்பட்டிருந்தது. அது விடை தராததால் ஒவ்வொரு புதிய இணைப்பும் காத்துக் கிடந்தது. பெயர் சர்வரைத் திருத்தியவுடன் வேகம் திரும்பியது. பெயர் தேடுவதையே நிறுத்தும் அமைப்பும் உண்டு. ஆனால் அதைப் போட்டால் கணக்குகளில் பெயரால் குறிப்பிட்ட இடங்கள் பொருந்தாமல் போகும், 127.0.0.1 வழியாக வரும் இணைப்பும் 'லோக்கல்ஹோஸ்ட்' கணக்கோடு பொருந்தாது. கணக்குகள் எல்லாவற்றையும் பார்த்த பிறகே அதைப் போட வேண்டும்.

செயலி நன்றாக ஓடுகிறது, வீட்டுக்குப் போகலாம் என்று எவருக்கும் தோன்றும் நேரம் அதுதான். எனக்கு அந்த நேரத்தில்தான் கவலை அதிகம். இணைப்புக் கிடைக்காமல் போவது தொல்லை; தவறான இடத்தில் இணைப்புக் கிடைத்துவிடுவது அதைவிடப் பல மடங்கு பெரிய தொல்லை, ஏனென்றால் எந்தப் பிழையும் வராமலேயே கணக்குகள் இரண்டாகப் பிரிந்துவிடும். சோதனைக்காக ஒரு பில்லைப் போட்டோம். பில் புதிய தரவுத்தளத்தில் பதிவானது. கிடங்கு இருப்பு குறையவில்லை. இருப்பைக் குறைப்பது, பின்னணியில் ஓடி, வரிசையில் நிற்கும் பணிகளைச் செய்யும் கியூ வொர்க்கர் என்ற நிரலின் வேலை. அதன் பதிவில் 1290 என்ற பிழை இருந்தது: சர்வர் 'சூப்பர் ரீட் ஒன்லி' நிலையில் இருப்பதால் எழுத முடியவில்லை. அந்த அமைப்பு வேளச்சேரியில் உள்ள பழைய தரவுத்தளத்தில் மட்டுமே உண்டு. விஎம் எழுந்த உடனே, கட்டமைப்புச் சேமிப்பு புதுப்பிக்கப்படும் முன்பே, வொர்க்கர் தொடங்கிவிட்டது. நீண்ட நேரம் ஓடும் அந்த நிரல் தொடக்கத்தில் படித்த பழைய முகவரியையே நினைவில் வைத்து, விபிஎன் வழியாக (அதன் வழியே போகும் செயலி அங்கே பழைய 192.168.1.10 முகவரியாகவே தெரியும்) பழைய தரவுத்தளத்தைத் தேடிப் போயிருந்தது. வொர்க்கரை மறுதொடக்கம் செய்தோம், தோல்வியுற்ற பணியை மீண்டும் அனுப்பினோம், இருப்பு சரியாயிற்று. பழைய தரவுத்தளம் எழுத அனுமதித்திருந்தால், திங்கட்கிழமை காலையில் பில்கள் ஓரிடத்திலும் இருப்பு வேறோரிடத்திலுமாகப் பதிவாகத் தொடங்கியிருக்கும். அதை எப்போது யார் கண்டுபிடித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. இடம் மாற்றுவோர் வேறு எதை விட்டாலும், பழைய தரவுத்தளத்தை எழுதவிடாமல் பூட்டுவதை விடக் கூடாது.

இத்தனை தடைகளிலும் பொதுவாக இருந்தது ஒன்றே: பழைய முகவரி அல்லது பழைய பெயர் எங்கோ எழுதப்பட்டிருந்தது. நெட்பிளானில், ஃபயர்வாலில், பைண்டு அட்ரஸில், கணக்குப் பட்டியலில், பெயர் சர்வரில், ஓடும் நிரலின் நினைவில். ஆகவே இப்போதெல்லாம் விஎம்மை நகர்த்துவதற்கு முன்பே, பழைய ஐபியின் முதல் மூன்று பகுதிகளைத் தேடுசொல்லாக வைத்து, கட்டமைப்புக் கோப்புகள் உள்ள 'ஈடிசி' கோப்புறை, செயலியின் கோப்புறை, நேரம் குறித்து ஓடும் வேலைகளின் கிரான் பட்டியல்கள் ஆகியவற்றை 'கிரெப்' கட்டளையால் தேடி, கிடைக்கும் ஒவ்வொரு வரியையும் பட்டியலிடுகிறேன். தரவுத்தளத்தின் உள்ளே இருப்பவை இந்தத் தேடலில் அகப்படா என்பதால் கணக்குப் பட்டியலைத் தனியாக எடுக்க வேண்டும். செயலியின் கட்டமைப்பில் ஐபிக்குப் பதில் ஓர் உள் பெயரை எழுதி, அந்தப் பெயருக்கு உரிய முகவரியை ஓரிடத்தில் மட்டும் வைப்பதும் அடுத்த மாற்றத்தை எளிதாக்கும்.

நம் கையில் இல்லாத கணினிகளில் எழுதப்பட்டிருப்பதை எப்படிக் கண்டறிவது? மைஎஸ்கியூஎல் தன் இயக்க விவரங்களை வைத்திருக்கும் 'பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா'வில் 'அக்கவுன்ட்ஸ்' என்று ஓர் அட்டவணை உண்டு. சேவை தொடங்கியது முதல் எந்தக் கணக்கு, எந்த இடத்திலிருந்து, எத்தனை முறை இணைந்தது என்பதை அது காட்டுகிறது. நகர்த்துவதற்கு முன் அதைப் பார்த்தபோது, செயலியும் பேக்கப்பும் தவிர, பாரிமுனை அலுவலகத்திலிருந்து ஒரு முகவரி தெரிந்தது. விசாரித்ததில், கணக்குப் பிரிவில் பணிபுரியும் அம்மையார் மாதக் கடைசியில் தரவுத்தளத்தோடு நேரடியாக இணைக்கும் ஓடிபிசி வழியாக எக்செல்லில் பாக்கி விவரத்தை எடுப்பது தெரியவந்தது. "தம்பி, அது இல்லன்னா ஜிஎஸ்டி கணக்கு முடிக்க முடியாதுப்பா" என்றார். அவருக்குப் படிக்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, அவருடைய கணினியில் புதிய முகவரியை எழுதிக் கொடுத்தோம்.

பழைய விஎம்மை எப்போது அணைப்பது என்பதையும் அதே அட்டவணையைக் கொண்டே முடிவு செய்தோம். மாதக் கணக்கு ஒருமுறை முடியும்வரை அதை ஓடவிட்டு, நாங்கள் ஒப்பிடுவதற்காகப் போட்ட இணைப்புகளைத் தவிர வேறு எந்த வரியிலும் எண்ணிக்கை ஏறவில்லை என்று உறுதியான பிறகு, விபிஎன்னைத் துண்டித்து, அதன் வட்டுக் கோப்பை ஒரு நகலாக எடுத்துவைத்து அணைத்தோம்.